தீப்பெட்டிச் சின்னமும் சோலையம்மாளும்

சோலையம்மாள் அத்தையின் கையை அறியாத பெண் எங்கள் ஊரிலிருந்து வேலைக்குப் போகும் வேனில் கிடையாது. காலையில் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் அந்தப் பட்டாசுக் கம்பெனி வாசலில் வேன் நின்றதும், பெண்கள் இறங்கி வரிசை கட்டுவார்கள். கேட்டை ஒட்டித் தகரம் அடித்த ஒரு தடுப்பு. அதற்குள் அத்தை நிற்பாள். முதலில் பை, பிறகு தூக்குவாளி, பிறகு இடுப்பு மடிப்பு, கடைசியாகக் கொண்டை. செல்போன் உள்ளே போகக் கூடாது. ஊக்கு, கொலுசு கூடாது. நைலான் சேலை கட்டி வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். தீப்பெட்டி அகப்பட்டால் பேச்சே இல்லை. அந்த ஆளுக்கு அன்றோடு வேலை போனது. அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்கும் போனில் தகவல் போய்விடும்.

"மெல்ல மதினி, கூச்சமா இருக்கு" என்று புதுசாக வாக்கப்பட்டு வந்தவள் எவளாவது நெளிந்தால், "இது உம் புருசன் கை இல்லடி, கம்பெனி கை. நேரா நில்லு" என்பாள். வரிசை சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள்.

அவள் புருஷன் முனியராஜ் அதே கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்துச் செத்துப்போனவர். எதனால் பற்றியது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காரியம் முடிந்த கையோடு கம்பெனியில் கூப்பிட்டு அவளைக் கேட்டில் நிறுத்தினார்கள். "எதனாலன்னு தெரிஞ்சிருந்தா அத மட்டும் தேடுவேன். தெரியாததால எல்லாத்தையும் தேடுதேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். பி.காம்., விருதுநகரில் படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. என் அம்மா பாண்டிச்செல்வி அந்த வேனில் போய் வந்துதான் என்னைப் படிக்க வைத்தாள். அம்மாவுக்குச் சோலையம்மாள் மதினி முறை, எனக்கு அத்தை. இதை எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். "எழுது மருமகனே. பேரெல்லாம் மாத்திரு. கம்பெனி பேரு போடாத. இந்தப் பக்கம் எந்தக் கேட்டுலதான் பொம்பள நிக்கல? எவனும் கண்டுபிடிக்க மாட்டான்" என்றாள். அதனால் பெயர்கள் மாற்றியவை. மற்றதெல்லாம் நடந்தபடி.

அத்தை சேர்ந்திருந்த கட்சியின் பெயர் கரிசல் உழைப்பாளர் கட்சி. மூன்று தீபாவளி பார்த்த கட்சி. ஆரம்பித்தவர் பெத்தணன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டியவர். பெரிய கட்சியொன்றில் இருந்து, "அங்க மேல இருக்கவனுக்குக் கீழ நடக்கது கேக்காது" என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். எங்கள் ஊர்த் தையல்கடைக்குப் பின்னால் இருந்த ஓர் அறைதான் கட்சி அலுவலகம். சிவப்புக் கொடி, நடுவில் கறுப்பாக ஒரு பட்டை. கரிசல் மண்ணாம். தையல்காரர் வேட்டித் துணியில் சாயம் முக்கித் தைத்ததால், முதல் மழையில் கறுப்பு இறங்கிச் சிவப்பெல்லாம் கலங்கிப் போனது. "மண்ணு கரையுது தோழர்" என்று யாரோ சொல்ல, பெத்தணனே விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷன் அப்போது.

கட்சியின் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. விபத்து நடந்தால் முதலாளி வந்து நஷ்டஈடு பேசி முடிக்கும் வரைக்கும் பிணத்தை வாங்காமல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வேண்டியிருக்கிறதே, அந்த நிலைமை மாற வேண்டும். அடிபட்டவருக்கு வேலை இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கே எங்கள் ஊர்ப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டத்துக்குப் போனார்கள். சோலையம்மாள் அத்தைதான் கிளைச் செயலாளர். துண்டறிக்கையில் பிழை பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். அங்கே எல்லாரும் எல்லாரையும் 'தோழர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பெத்தணன் சொல்லிவிட்டார். பெண்களுக்கு வாயில் வரவில்லை. முதலில் 'தோழர் மதினி', 'தோழர் சித்தி' என்று இழுத்தார்கள். பிறகு பழகிவிட்டது. வேனிலேயே, "தோழர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, உங்க இடுப்புக்கு ரெண்டு சீட்டு வேணுமாக்கும்" என்று கேலி பேசும் அளவுக்குப் பழகியது. அத்தைக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. முனியராஜ் பெண்டாட்டி, கேட்டுக்காரி என்று கேட்டுப் பழகிய காதில் அது புதுசு.

சட்டமன்றத் தேர்தல் வந்தது. பெத்தணன் நின்றார். பதிவு மட்டும் செய்த சிறிய கட்சி என்பதால், மீதமிருக்கும் சின்னங்களில் ஒன்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்தவர் அறைக்குள் நுழையும்போதே கையைத் தூக்கிக் காட்டினார். கையில் தீப்பெட்டி.

"நம்ம ஊருல தீப்பெட்டி தெரியாத ஆளு உண்டா? ஓட்டு மெஷின்ல தேடவே வேண்டாம், தோழர்களே!"

எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை மட்டும் எழுந்து, "தோழர், ஒரு சந்தேகம். காலையில நான் எதத் தேடிப் புடுங்குதனோ, சாயங்காலம் அதுக்கே ஓட்டுக் கேக்கணுமா?" என்றாள்.

அறை அதிரச் சிரிப்பு. பெத்தணன் சிரித்துக்கொண்டே, "அது உள்ள கொண்டு போனாத்தான தோழர் தப்பு. நாம வெளியதான கேக்கப் போறோம்" என்றார். அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

பெத்தணனின் சொந்தக்காரருக்குச் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் இருந்தது. அங்கிருந்து குச்சி போடாத காலிப் பெட்டிகள் வந்தன. மேலே ஒட்டும் லேபிளை அவர் பழைய அச்சகத்திலேயே அடித்தார்கள். பெத்தணன் கைகூப்பிச் சிரிக்கும் படம், பளபளவென்று வார்னிஷ் போட்டு, நாலு கலரில். அச்சுத்தொழில்காரர் அல்லவா, அதில் குறை வைக்கவில்லை. பெட்டிக்குள்ளே மடித்து வைத்த ஒரு துண்டுச் சீட்டில் கோரிக்கைகள். எதிர்க்கட்சிக்காரர்கள் 'காலிப்பெட்டிக் கட்சி' என்று கேலி பேசினார்கள். ஆனால் ஊரில் பெட்டிக்குப் போட்டி. பிள்ளைகள் கூடக் கேட்டு வாங்கினார்கள்.

அத்தை ஓர் ஏற்பாடு செய்தாள். குச்சி இல்லாவிட்டாலும் பெட்டிக்குப் பக்கவாட்டில் உரசும் பட்டை இருக்கிறது. அது கம்பெனிக்குள் போகவே கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஓட்டுக் கேட்டு முடிந்து கலையும்போது, தோழர்கள் எல்லாரும் தையல்கடை வாசலில் வரிசையாக நின்று அவளிடம் பையைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். "இங்கனயுமா?" என்று சலித்துக்கொண்டாலும் நின்றார்கள்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வரிசை நடக்கவில்லை. அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் பொதுக்கூட்டம். பெத்தணன் திடீரென்று, "அடுத்து தோழர் சோலையம்மாள் பேசுவார்" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். அவள் மேடை ஏறி, முதலில் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முனியராஜ் பெயரைச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பகலைச் சொன்னாள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்து நின்று கேட்டார்கள். நானும் கேட்டேன். காலேஜில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு பேச்சு கேட்டதில்லை. இறங்கி வந்தவளைப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் பையைச் சோதிக்க மறந்துபோனாள்.

மறுநாள் காலை என் அம்மாவின் மஞ்சப்பைக்குள் அத்தை கையை விட்டபோது, தூக்குவாளிக்குக் கீழே, மடிந்த துணி மூலையில், அது இருந்தது.

அம்மா சொல்வாள்: "கை அங்கனயே நின்னுபோச்சு. என்னைப் பாத்தா. நான் அவளப் பாத்தேன்."

நான் அப்போது இரண்டாம் வருஷம். அப்பா ஆடு மேய்த்தார். மழை இல்லாத அந்த வருஷம் அதுவும் பேருக்குத்தான். அம்மாவின் வேனும் கூலியும்தான் என் காலேஜ். அது அத்தைக்குத் தெரியும். பின்னால் போர்மேன் நின்றுகொண்டிருந்தார். வரிசையில் கூட்டம். அத்தை வெளியே எடுத்த கை மூடியிருந்தது. அது அம்மாவின் இடுப்பைத் தடவுவது போல் போய், அத்தையின் சொந்த இடுப்புக்குத் திரும்பியது.

"போ. அடுத்த ஆளு."

சோதிப்பவளைச் சோதிக்க அந்தக் கேட்டில் ஆள் கிடையாது. கேட் மூடிவிட்டால் சாயங்காலம்தான் திறக்கும். உள்ளே அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. ஒவ்வொரு அறை வாசலிலும் இருக்கும் தொட்டிகளில் தண்ணீர் நிரப்ப வேண்டும், வாளியில் மணல் போட வேண்டும். புருஷன் வெந்துபோன இடத்தில், இடுப்பில் தீப்பெட்டியைச் சொருகிக்கொண்டு, அறை அறையாக அவள் நடந்தாள். குனிந்தால் பெட்டி அழுந்தும். நிமிர்ந்தால் நழுவுமோ என்று பயம். வேலிக்கு வெளியே எறியலாமென்றால் மூலைக்கு மூலை கேமரா. மண்ணில் புதைக்கலாமென்றால் தினமும் கூட்டிப் பார்க்கிற முற்றம். "ஒரு கைய இடுப்புல வச்சிக்கிட்டே குடம் தூக்குனேன். என்ன சோலை, வயித்து வலியான்னு போர்மேன் கேட்டாரு. ஆமான்னேன். பொய்யில்ல, வலிக்கத்தான் செஞ்சிச்சு" என்றாள் என்னிடம்.

கடைசியில் கோடியிலிருந்த ஓர் அறை வாசலில், கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தொட்டித் தண்ணீருக்குள் பெட்டியை அமுக்கினாள். விரலால் பட்டையைச் சுரண்டி, அட்டையைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே போர்மேன் கூப்பிட்டுவிட்டார். அடியில் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு ஓடினாள்.

அட்டை கரைந்தது. லேபிள் கரையவில்லை. நல்ல அச்சு, வார்னிஷ் போட்டது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தொட்டியில் பெத்தணன் கைகூப்பிச் சிரித்தபடி மிதந்தார்.

மேனேஜர் ராஜபாண்டியனின் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே இருந்தது. அத்தைக்கு மட்டும் கேட்டைத் திறக்கச் சொல்லித் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஈரம் சொட்ட அந்த லேபிள்.

"உக்காரு சோலையம்மா."

"இருக்கட்டும், நிக்கேன்."

"உன் கை தாண்டி ஒண்ணும் உள்ள போகாதுன்னு முதலாளிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். யாரு கொண்டாந்தது?"

அவள் முந்தானையால் மேஜை ஈரத்தைத் துடைத்தாள்.

"உங்க கட்சிக்காரிக உள்ள எட்டுப் பேரு இருக்காளுக. எவள்னு தெரியலன்னா எட்டுப் பேரும் நாளையில இருந்து வரவேண்டாம். எனக்கென்ன, கேட்டுக்கு வெளிய வேலை கேட்டு ஆளு நிக்குது."

"நாந்தான் கொண்டாந்தேன்."

ராஜபாண்டியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று அவளுக்கு இன்று வரை தெரியாது. நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. செல்போனை எடுத்து மேஜை மேல் நிறுத்தினார்.

"அப்படின்னா இதப் பாத்துச் சொல்லிரு. எங்க கட்சி குடுத்த தீப்பெட்டிய நான் பட்டாசுக் கம்பெனிக்குள்ள கொண்டு போயிட்டேன், தப்புதான்னு சொல்லு. எட்டுப் பேரு வேலையும் இருக்கும். உன் வேலையும் இருக்கும்."

"பெட்டியில குச்சி இல்லன்னும் சொல்லுவேன்."

"சொல்லேன். எல்லாத்தையும் சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னாள். குச்சி இல்லை என்றாள். பட்டை கூட ஆபத்துதான், அதனால்தான் நாங்களே சோதிக்கிறோம் என்றாள். கட்சி கெட்ட கட்சி இல்லை என்றாள். சாயங்காலம் எல்லார் போனிலும் வந்த வீடியோவில் அவற்றில் ஒன்று கூட இல்லை. தீப்பெட்டியை உள்ளே கொண்டு போனேன் என்ற முதல் வாக்கியம் மட்டும் இருந்தது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'தீப்பெட்டிக்கு ஓட்டுப் போட்டால் உங்கள் ஊர் எரியும்.'

பெத்தணன் அன்றிரவே தையல்கடைக்கு வந்தார். "ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமே தோழர்" என்றார். "உங்களக் கேக்கப் போனா எனக்கு மறுபடி கேட்டு திறக்குமா?" என்று கேட்டாள் அத்தை. அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதுதான் அவர் அவளைத் தோழர் என்று கூப்பிட்ட கடைசித் தடவை.

ஊரில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. தீப்பெட்டியோடு பிடிபட்ட எவளுக்கும் இதுவரை வேலை தப்பியதில்லை. இவளுக்கு மட்டும் எப்படித் தப்பியது? வாங்கியிருப்பாள். கம்பெனி சொல்லித்தான் கட்சியில் சேர்ந்திருப்பாள். மேடையில் அழுதது கூட நடிப்புத்தான். கட்சியில் இருந்த பெண்களே இப்படிப் பேசினார்கள். அவர்கள் எட்டுப் பேர் வேலையும் அந்த மேஜை மேல் கிடந்தது அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் அது யார் பை என்ற கேள்வி வரும் என்று அத்தை சொல்லவில்லை.

அம்மா மறுநாள் விடியுமுன்னே அத்தை வீட்டுக்குப் போனாள். "நான் சொல்லிப்புடுதேன் மதினி. எம் பையில இருந்துச்சுன்னு சொல்லிப்புடுதேன்."

"சொல்லி? உனக்கு வேலை போகும். மருமகன் படிப்பு போகும். நான் தீப்பெட்டியக் கையில எடுத்துட்டு, ஆளையும் உள்ள விட்டேன்னு ஆகும். அப்புறம் எந்தப் பொம்பளையாவது என்னை நம்பி அந்த ரூமுக்குள்ள உக்காருவாளா? கட்சிக்குத் துரோகின்னா சொல்லிட்டுப் போறாளுக. கேட்டுல கண்ண மூடிக்கிட்டான்னு மட்டும் ஒருத்தி சொல்லக் கூடாது."

தேர்தல் முடிவு பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. எங்கள் ஊர் வாக்குச்சாவடியிலேயே கட்சி உறுப்பினர் எண்ணிக்கைக்குக் குறைவாகத்தான் ஓட்டு விழுந்திருந்தது. அடுத்த தீபாவளிக்குள் பெத்தணன் ஒரு பெரிய கட்சியில் சேர்ந்து, காரில் போக ஆரம்பித்தார். அறையைத் தையல்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். மிஞ்சியிருந்த கொடித் துணி மெஷினுக்கு உறை ஆனது. கொடிக்கம்பம் நட்ட இரும்புக் குழாயை ஊர்க்காரர்கள் பிடுங்கிக் குடிதண்ணீர்த் தொட்டிக்கு முட்டுக் கொடுத்தார்கள். இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அத்தை அந்தக் கேட்டை விட்டுப் போக நினைத்தாள். ஒருமுறை ராஜபாண்டியனிடமே, "கணக்கு முடிச்சுக் குடுங்க, நான் வேற எங்கனயாவது போறேன்" என்று கேட்டிருக்கிறாள்.

"போயேன். அந்த வீடியோ பாக்காத கம்பெனி இருந்தாச் சொல்லு, நானே சிபாரிசு பண்ணுதேன்" என்றாராம் அவர்.

தீப்பெட்டியோடு உள்ளே போனேன் என்று தன் வாயால் சொன்னவளை எந்தக் கேட்டில் உள்ளே விடுவார்கள்? அவளை உள்ளே விடக்கூடிய ஒரே கேட் அவள் காவல் நிற்கும் கேட்தான். மழை இல்லாமல் காடுகரையில் விவசாய வேலையும் கிடையாது. அவள் மகள் கீர்த்திகா மதுரையில் நர்ஸிங் சேர்ந்திருந்தாள்; ஃபீஸ் கட்ட வேண்டும். அத்தை அங்கேயே நின்றாள். தினமும் காலையில், தன்னோடு பேசாத பெண்களின் இடுப்பைத் தடவி, கொண்டையை அவிழ்த்துப் பார்த்து, ஒவ்வொருத்தியாக உள்ளே அனுப்பினாள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் தூக்கி நின்றார்கள். கேலி, கூச்சம், சிரிப்பு எதுவும் கிடையாது. வேனிலும் அவளுக்குப் பக்கத்துச் சீட்டு காலியாகவே வரும்.

என் அம்மா மட்டும் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். அவள் முறை வந்ததும் கேட்காமலேயே பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உதறி, உள்பக்கத்தை வெளியே எடுத்துக் காட்டுவாள். மற்றவர்கள் அதைக் கோபம் என்று நினைத்தார்கள். அத்தை குனிந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பைக்குள் வைப்பாள். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று, கேட்டில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். வருஷக்கணக்கில் இப்படியே போனது. நான் டிகிரி வாங்கிய அன்று அம்மா கேட்டில் வைத்து, "பாஸாயிட்டான்" என்று மட்டும் சொன்னாளாம். "ம்" என்று மட்டும் பதில் வந்ததாம்.

போன வருஷம் எனக்கு குரூப் ஃபோரில் அரசு வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கியதும் அம்மாவை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னேன். கடைசி நாள் நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்றேன். அப்படித்தான் கேட்டுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன்.

போகும் வழியில் அம்மா, "இனி எனக்கென்ன பயம்லே. இன்னைக்கு வரிசையில வச்சே எல்லாத்தையும் சொல்லிரட்டுமா?" என்று கேட்டாள்.

"அத்தை என்ன சொன்னா?"

"நேத்து கேட்டேன். உனக்குக் கதவு திறந்திருச்சு பாண்டி, எனக்குத் திறக்கலங்குறா. இன்னும் இங்கனதான நான் நிக்கணும், வாய மூடுங்குறா."

வரிசை நகர்ந்தது. அம்மா முறை. வழக்கம்போலப் பையைக் கவிழ்த்தாள். தூக்குவாளி, தண்ணீர் பாட்டில், துண்டு. அத்தை குனிந்து எடுத்து வைத்தாள். இடுப்பைத் தடவினாள். கொண்டையைப் பார்த்தாள். "போ" என்றாள்.

அம்மா போகவில்லை. பையை மார்போடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பின்னால் நின்றவள், "என்ன சித்தி, நேரமாகுது" என்று முணுமுணுத்தாள். தகரத் தடுப்பைத் தாண்டி எனக்கே கேட்கும்படி, கூட்டத்தில் பேசுகிறவள் போல, அம்மா சொன்னாள்:

"வாரேன் தோழர்."

அந்தச் சொல்லை அந்த வாசலில் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. பழைய எட்டுப் பேரில் மூன்று நான்கு பேர் அந்த வரிசையிலேயே நின்றார்கள். ஒருத்தி அம்மாவைப் பார்த்தாள், கவிழ்த்த பையைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள். அவள் வாய் எதையோ கேட்கத் திறந்தது.

அத்தையின் கை அம்மாவின் தோளில் இருந்தது. சோதனையில் தோளைத் தொடும் வேலை கிடையாது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பின்னால் போர்மேன் விசில் ஊதினார்.

"உள்ள போ" என்று அம்மாவைத் தள்ளிவிட்டு, அத்தை அடுத்தவளின் பைக்குள் கையை விட்டாள். அந்த அடுத்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றாள்.

கடைசி ஆளும் போன பிறகு அத்தையும் உள்ளே போனாள். கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.